ஜாடி எத்தனை வெச்சிருக்கே?

போன வாரம் கேன்டீன்ல டீ குடிச்சிக்கிட்டு இருந்தேன். கூடப் படிக்கிற ஒருத்தன் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"மச்சி, என் ஃபைட்டர் நுரை கட்டியிருக்குடா! பொண்ணு மீன் எங்க கிடைக்கும்?"

முகமெல்லாம் பல்லு. இப்பதான் தாத்தா ஆகப் போறவர் மாதிரி ஒரு பெருமை. நான் வாழ்த்து சொல்லலை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"உன்கிட்ட ஜாடி எத்தனை இருக்கு?"

பயபுள்ள என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, "ஜாடி எதுக்குடா, நான் என்ன ஊறுகாயா போடப் போறேன்"னு கேட்டான். அவனுக்கு அங்கேயே அரை மணி நேரம் லெக்சர் எடுத்தேன். டீ ஆறிப் போச்சு. அவன் பாதியிலேயே மொபைலை நோண்ட ஆரம்பிச்சிட்டான். அதனால முழுசா எழுதியே வெச்சிடலாம்னு உக்காந்துட்டேன். மீன் பிடிக்காதவங்களும் படிக்கலாம், கடைசியில விஷயம் மீனை விட்டு கொஞ்சம் தள்ளிப் போகும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். நுரைக்கூடு கட்டற மீனை வீட்டுல முட்டை போட வைக்கிறது ரொம்ப சுலபம். அந்த சுலபம்தான் பிரச்சினையே. மூணு மாசம் கழிச்சு எத்தனை மீனுக்கு உங்ககிட்ட இடம் இருக்கும்னு எண்ணிப் பார்க்காம ஜோடி சேர்க்கிறது தப்பு. எண்ணிப் பார்த்த பிறகு, அந்த எண்ணிக்கைக்கு மேல இருக்கிற முட்டையை முதல் நாளே எடுத்துடறதுதான் நியாயம். ரெண்டாவது வரி படிச்சிட்டு பல பேருக்குக் கோபம் வரும்னு தெரியும். கொஞ்சம் பொறுங்க.

முதல்ல நுரை எதுக்கு?

நம்ம ஊர் கலர் மீன் கடையில 'ஃபைட்டர்'னு சின்ன பாட்டில்ல தனியா வெச்சு விப்பாங்களே, அதோட சொந்த ஊர் தாய்லாந்து. அங்கே அதுக்குப் பேர் 'ப்ளா கட்', கடிக்கிற மீன்னு அர்த்தம். வயல், சதுப்பு, தேங்கின வாய்க்கால்னு ஆக்சிஜன் குறைஞ்ச தண்ணியில வாழற ஜாதி. அதனால செவுள் மட்டும் போதாதுன்னு தலைக்குள்ள இன்னொரு சுவாச உறுப்பு வெச்சிருக்கு. லேபிரிந்த்னு சொல்வாங்க. மேல வந்து நேரா காத்தைக் குடிச்சிட்டுப் போகும். இப்படிப்பட்ட தண்ணியில முட்டையை அடியில போட்டா மூச்சு முட்டிச் செத்துடும். அதனால அப்பா மீன் காத்தை விழுங்கி, வாயில சுரக்கிற வழவழப்பைப் பூசி, குமிழ் குமிழா மேல துப்பி ஒரு மெத்தை கட்டும். முட்டை அதுல ஒட்டிக்கிட்டு காத்துக்குப் பக்கத்துலயே இருக்கும். கட்டறதும் காவல் காக்கறதும் எல்லாம் அப்பாதான்.

இந்த மீனை 1849-ல கேன்டர்ங்கிறவர் வேற ஒரு பேர்ல எழுதினார். அந்தப் பேர் இன்னொரு மீனுக்கு உரியதுன்னு கண்டுபிடிச்சு, 1910-ல ரீகன் 'பெட்டா ஸ்பிளெண்டென்ஸ்'னு பேர் வெச்சார். மனுஷன் இதை வளர்க்க ஆரம்பிச்சு குறைஞ்சது 1000 வருஷமாவது ஆகியிருக்கும்னு 2022-ல வந்த ஒரு மரபணு ஆராய்ச்சி சொல்லுது. 2019-ல தாய்லாந்து அரசு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமா அறிவிச்சுது. அதாவது நாம பாட்டில்ல வெச்சு ஆட்டிப் பார்க்கிறது ஒரு நாட்டோட தேசியச் சின்னம்! நம்ம மயிலை ஒருத்தன் அட்டைப் பெட்டிக்குள்ள வெச்சு வித்தா எப்படி இருக்கும்?

இங்க ஒரு மூடநம்பிக்கையை உடைச்சிடறேன். "நுரை கட்டினா ஜோடி கேக்குது, தனியா வெச்சா பாவம்"னு சொல்றாங்க. அப்படி எல்லாம் இல்லை. வயசுக்கு வந்த ஆண் ஃபைட்டர், பக்கத்துல பெண்ணே இல்லாட்டியும் நுரை கட்டும். கட்டும், கலையும், மறுபடி கட்டும். அது அதோட வேலை. அந்த நுரையைப் பார்த்துட்டு நீங்க தரகர் வேலை பார்க்கணும்னு எந்த அவசியமும் இல்லை.

நான் பண்ணின கூத்து

நானும் அந்தத் தரகர் வேலை பார்த்தவன்தான். ப்ளஸ் ஒன் லீவுல சிவப்பு ஆண் ஒண்ணு, மங்கலான நீலத்துல பெண் ஒண்ணு. படிச்சதை எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சேன். ரெண்டு வாரம் ரெண்டு பேருக்கும் கொசுப்புழு விருந்து. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில அரை அடிக்கும் குறைவா தண்ணி, காத்தடிக்கிற ஃபில்டர் நிறுத்தம், மேல ஒரு காய்ஞ்ச பாதாம் இலை (தெருவுல விழுந்து கிடக்குமே, நாட்டு பாதாம் மரத்து இலை, அதேதான்). பெண்ணை ஒரு கண்ணாடி டம்ளருக்குள்ள விட்டு தொட்டிக்கு நடுவுல வெச்சேன், ஒரு நாள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கட்டும்னு. பெண் உடம்புல குறுக்குப் பட்டை தெரிஞ்சுது, வயிறு உப்பி அடியில வெள்ளைப் புள்ளி எட்டிப் பார்த்துது. நீளவாக்குல கோடு விழுந்தா பயந்திருக்குன்னு அர்த்தம், குறுக்கே விழுந்தா சம்மதம்.

திறந்து விட்டேன். அடுத்த சில மணி நேரம் நான் பார்த்ததை இன்னிக்கும் மறக்க முடியலை. துரத்தல், கடி, ஓட்டம் எல்லாம் முடிஞ்சு, நுரைக்குக் கீழ ஆண் தன் உடம்பை வளைச்சு பெண்ணை அப்படியே சுத்திக்கிச்சு. ரெண்டும் சில நொடி மயங்கின மாதிரி நின்னுடுச்சு. வெள்ளை வெள்ளையா முட்டை மணல் மாதிரி கீழ இறங்க, ஆண் முதல்ல முழிச்சுக்கிட்டு அடியில போய் ஒண்ணு ஒண்ணா வாயில பொறுக்கி மேல கொண்டு வந்து நுரையில ஒட்டிச்சு. திரும்ப வந்து மறுபடி அணைப்பு. இப்படியே எத்தனை தடவைன்னு எண்ணிக்கையை விட்டுட்டேன். அம்மாவே சமையலை விட்டுட்டு வந்து பக்கத்துல உக்காந்து பார்த்தாங்க. "உங்கப்பாவும் இருக்காரே"ன்னு ஒரு பெருமூச்சு வேற.

முதல் தப்பு அன்னிக்கு ராத்திரியே பண்ணினேன். முட்டை போட்டு முடிஞ்ச உடனே பெண்ணை எடுத்துடணும். கூட்டுக்குப் பக்கத்துல யார் வந்தாலும் ஆணுக்கு எதிரிதான், முட்டை போட்டவளா இருந்தாலும். எனக்கு அது தெரியும். தெரிஞ்சும், "காலையில எடுத்துக்கலாம்"னு தூங்கிட்டேன். காலையில அவ ஃபில்டருக்குப் பின்னாடி மூலையில ஒட்டிக்கிட்டு இருந்தா. துடுப்பெல்லாம் நார் நாரா கிழிஞ்சிருந்துது. தனியா எடுத்து வெச்சேன், உப்பு போட்டேன். ரெண்டு நாள்ல போயிட்டா. இதுல ஆணைக் குறை சொல்ல ஒண்ணுமில்லை. அதுக்கு ஓட இடம் இல்லாத தொட்டியைக் கொடுத்தது நான், எழுந்திருக்காதவனும் நான்.

ஒண்ணரை நாள்ல குஞ்சு பொரிஞ்சுது. நுரையில இருந்து கமா மாதிரி வால் கீழ தொங்கும். விழுந்தா அப்பா ஓடிப் போய் வாயில கவ்வி மறுபடி மேல ஒட்டும். போட்டோ எடுத்து பெரிசு பண்ணி எண்ணினேன். சுமாரா 250. ரெண்டு மூணு நாள்ல குறுக்கே நீந்த ஆரம்பிச்சதும் ஆணை எடுத்துட்டேன். வகுப்பு குரூப்ல எல்லாம் போட்டோ போட்டு ஹீரோ ஆயிட்டேன்.

அதுக்கப்புறம்தான் கதை.

250-க்கு என்ன ஆச்சு

அந்தக் குஞ்சு ஒவ்வொண்ணும் ஒரு கண் இமை முடித் துண்டு அளவு. கடையில விக்கிற மீன் தீனியை எவ்வளவு பொடி பண்ணினாலும் சாப்பிடாது, உயிரோட அசையறதைத்தான் சாப்பிடும். முதல் சில நாளுக்கு இன்ஃபுசோரியா, அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் நிறைஞ்ச தண்ணி வேணும். வைக்கோலோ கோஸ் இலையோ போட்டு அதை முன்னாடியே ஊற வெச்சு தயாரா வெச்சிருக்கணும். நான் குஞ்சு நீந்தின அன்னிக்குத்தான் கோஸ் இலை நறுக்கினேன். கல்யாணப் பந்தி உக்காந்த பிறகு அரிசி ஊற வெச்ச மாதிரி.

அஞ்சாறு நாள்ல பாதிக்கு மேல காணோம். செத்த உடம்பு கூடத் தெரியாது, கரைஞ்சு போகும். தொட்டி மட்டும் கொஞ்சம் கொஞ்சமா வெறுமையாகும். அப்புறம் ஆர்ட்டீமியா முட்டை வாங்கி உப்புத் தண்ணியில பொரிக்க வெச்சேன், தினமும், ஒரு நாள் விடாம. கூடவே தண்ணி மாத்தணும். மீந்த தீனி அடியில அழுகி அமோனியா ஏறும், ஆனா வேகமா ஊத்தினா குஞ்சு தாங்காது. ஏர் டியூபுல முடிச்சு போட்டு சொட்டுச் சொட்டா மாத்தினேன். மூணு நாலு வாரத்துலதான் அந்த லேபிரிந்த் உறுப்பு வளரும்; அப்ப மேல இருக்கிற காத்து சில்லுனு இருக்கக்கூடாதுன்னு தொட்டியை மூடி வைக்கச் சொல்வாங்க. நானும் மூடி வெச்சேன். ஒரு மாசத்துல மிச்சம் 60 சொச்சம்.

ரெண்டரை மாசத்துல 43. அதுல 19 ஆண்.

இப்ப தலைப்புக்கு வந்தாச்சு. இந்த வயசுல ஆண் குஞ்சுங்க ஒண்ணை ஒண்ணு கிழிக்க ஆரம்பிக்கும். ஒவ்வொண்ணையும் தனித் தனி ஜாடியில போட்டாகணும். தாய்லாந்துப் பண்ணைகள்ல தட்டையான கண்ணாடி பாட்டில்ல ஆயிரக்கணக்குல அடுக்கி வெச்சிருப்பாங்க. எங்க வீட்டுல நான் தேடினதுல கிடைச்சது ஆறு. ஊறுகாய் பாட்டில் ரெண்டு, ஹார்லிக்ஸ் பாட்டில் மூணு, பாட்டியோட நாட்டு மருந்து பாட்டில் ஒண்ணு (அதுக்காக வாங்கின திட்டு தனிக் கதை). 19 மீன், 6 ஜாடி. நான் அடுத்த ஞாயித்துக்கிழமை பாட்டில் வாங்கிட்டு வர்றதுக்குள்ள நாலு செத்துப் போச்சு. மிச்சத்துல பல மீனுக்கு வால் பிஞ்சு போச்சு.

சரி, கடையில கொடுத்துடலாம்னு போனேன். கடைக்கார அண்ணன் பையைத் தூக்கி வெளிச்சத்துல பார்த்துட்டு, "தம்பி, பொண்ணு யாரும் வாங்க மாட்டாங்க. ஆண் மட்டும் கொடு, அதுவும் வால் கிழியாதது"ன்னார். ஆறு எடுத்துக்கிட்டார். ஒண்ணுக்கு 15 ரூபாய். மொத்தம் 90. ஆர்ட்டீமியா டப்பா செலவுல கால்வாசி கூடத் தேறலை. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். நம்ம சென்னை கொளத்தூர்ல இதையே தொழிலா, பரம்பரையா செய்யறவங்க இருக்காங்க. கலர் பார்த்து, ஜோடி பார்த்து, நோவு வராம வளர்த்துக் கொண்டு வர்றவங்க. அவங்களுக்கு நடுவுல என்னோட வால் பிஞ்ச கலப்படம் எதுக்கு விலை போகும்?

வழக்கமா சொல்ற நாலு பதில்

இதைச் சொன்னா எல்லாரும் ஒரே மாதிரி நாலு பதில் சொல்றாங்க.

ஒண்ணு: "இயற்கையிலயும் பாதிக்கு மேல சாகத்தானே செய்யும்?" சாகும். ஆனா வயல்ல செத்த குஞ்சு இன்னொரு உயிருக்கு சாப்பாடு. தப்பிச்ச குஞ்சுக்கு ஓடறதுக்கு மொத்த வயலும் இருக்கு. என் தொட்டியில வயல், மழை, தீனி, எதிரி எல்லாமே நான்தான். நான் கோஸ் இலை ஊற வைக்க மறந்ததுக்கு இயற்கை மேல பழி போட முடியாது.

ரெண்டு: "கடையில வாங்கிப்பாங்க." மேல படிங்க. 90 ரூபாய்.

மூணு: "மிஞ்சினதை ஏரியிலயோ கோயில் குளத்துலயோ விட்டுடலாம், புண்ணியம்." இதைக் கேட்டாத்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். தொட்டியில பாசி திங்கும்னு 'டேங்க் கிளீனர்' பேர்ல வித்த சக்கர் மீன், தென் அமெரிக்காவுல இருந்து வந்தது, இன்னிக்கு இந்தியாவுல பல மாநிலத்து ஏரி ஆறுகள்ல பெருகிக் கிடக்கு. வலையைக் கிழிச்சு மீனவங்க வயித்துல அடிக்குது. அதுவும் யாரோ புண்ணியம்னு நெனச்சு விட்டதுல இருந்து தொடங்கினதாத்தான் இருக்கும். மீனோட போறது மீன் மட்டும் இல்லை, அதோட நோவும் சேர்ந்து போகும். வீட்டு மீனை வெளித் தண்ணியில விடவே விடாதீங்க. இதுல பேச்சுக்கே இடமில்லை.

நாலு: "சின்னப் பசங்க உயிர்னா என்னன்னு கத்துப்பாங்க இல்ல?" இதுதான் கொஞ்சம் யோசிக்க வைக்கிற பதில். உண்மைதான், நான் கத்துக்கிட்டேன். பாடப் புத்தகத்துல படிச்ச 'இனப்பெருக்கம்' பாடத்தை விட அந்த ஒரு சாயங்காலம் எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்துது. அதனாலதான் "பிரீடிங்கே பண்ணாதே"ன்னு நான் சொல்லலை. ஆனா முட்டை போடறதை மட்டும் காட்டிட்டு, மூணாவது மாசத்தைக் காட்டலைன்னா அந்தக் குழந்தை பாதிப் பாடம்தான் படிச்சிருக்கு. அதுவும் சுகமான பாதி.

முட்டையை எடுத்துடறது கொலையா?

ஒரு வருஷம் கழிச்சு ரெண்டாவது தடவை பண்ணினேன். இந்த வாட்டி முதல்ல ஒரு நோட்டுல எழுதினேன்: மூணு மாசம் கழிச்சு எங்கிட்ட எத்தனை ஆண் மீனுக்கு ஜாடி இருக்கும்? 20. பெண்ணுங்களுக்கு? ஒரு பெரிய தொட்டியும் மாடியில ரெண்டு சிமெண்ட் தொட்டியும். யார் யார் வாங்கிப்பாங்க? பேர் எழுதி, நேர்ல கேட்டு, "சரி"ன்னு வாய் வார்த்தை வாங்கினவங்க மட்டும் கணக்கு. மொத்தம் 40 மீனுக்கு வழி இருந்துது. வளர்றதுல கொஞ்சம் போகும்னு வெச்சு 60 குஞ்சு போதும்.

முட்டை போட்ட அன்னிக்கே பெண்ணை எடுத்தேன் (அலாரம் வெச்சு!). அதே கையோட ஒரு ஸ்பூனால நுரையில முக்கால்வாசியை அள்ளி, பக்கத்துத் தொட்டி கப்பிகளுக்குப் போட்டுட்டேன். ரெண்டே நிமிஷத்துல காலி.

என் அக்கா பார்த்துட்டு, "ச்சீ, நீயெல்லாம் மீன் ஆசை வெச்சிருக்கியா? இது கொலை இல்லையா?"ன்னு கேட்டா. ரெண்டு நாள் பேசவே இல்லை.

அவ கேட்டது நியாயமான கேள்வி. எனக்கும் அந்த ஸ்பூன் கையில கனமாத்தான் இருந்துது. ஆனா கணக்கைப் பாருங்க. முதல் தடவை 250 குஞ்சுல வளர்ந்தது 43. ரெண்டாவது தடவை 60 குஞ்சுல வளர்ந்தது 38. கடைசியில கையில நின்ன எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒண்ணுதான்! நடுவுல இருக்கிற வித்தியாசம் என்னன்னா, முதல் தடவை 200-க்கு மேல குஞ்சு பொரிஞ்சு, நீந்தி, பசிச்சு, பட்டினியில, அழுகின தண்ணியில செத்துது. ரெண்டாவது தடவை அந்த இடத்துல இருந்தது கண்ணு முளைக்காத, நரம்பு முளைக்காத முட்டை. ரெண்டு தடவையும் குறைச்சது நான்தான். ஒரு தடவை தெரிஞ்சு, முதல் நாளே, வேகமா குறைச்சேன். இன்னொரு தடவை என் சோம்பேறித்தனம் எனக்குத் தெரியாமயே மெதுவா குறைச்சுது. ரெண்டாவதுக்கு யாரும் கொலைன்னு பேர் வைக்கிறதில்லை. "மீன் நிலைக்கலைப்பா"ன்னு சொல்லிட்டுப் போயிடறோம்.

"நான் எதையும் கொல்லலை"ன்னு சொல்லிக்கிற சௌகரியத்துக்காக 200 உயிரைப் பட்டினி போடறது கருணை இல்லை. இதுதான் என் வாதம். ஜீவகாருண்யம் பேசறவங்க முட்டையே போட வைக்காம இருக்கலாம், அது இதை விட உசத்தி, அதுக்கு நான் கை எடுத்துக் கும்பிடறேன். ஆனா போட வெச்சுட்டு, அப்புறம் முட்டையைத் தொட மாட்டேன்னு சொல்றது மட்டும் ஒத்துக்க மாட்டேன்.

அந்த 38-ல 17 ஆண். எல்லாத்துக்கும் ஜாடி இருந்துது. ஒண்ணு கூட வால் கிழியலை. அக்கா ஒரு நீலத்தை அவ ரூமுக்கே எடுத்துட்டுப் போயிட்டா (பேச்சு வந்துடுச்சு!). மாடித் தொட்டியில விட்ட பெண்ணுங்க கொசுப்புழுவை ஒண்ணு விடாம தின்னு தீர்த்துச்சு. தெருவுல டெங்குவுக்கு மருந்தடிக்க வந்த அம்மா எட்டிப் பார்த்துட்டு, "இந்தத் தொட்டியில புழுவே இல்லையே"ன்னு ஆச்சரியப்பட்டாங்க. யாரும் வாங்க மாட்டாங்கன்னு கடைக்கார அண்ணன் சொன்ன அதே பெண் மீனுங்கதான்.

நுரை பார்த்தே ஆகணும்னா

ஃபைட்டர்தான் வேணும்னு இல்லை. நுரைக்கூடு கட்டறது இன்னும் எத்தனையோ ஜாதி இருக்கு. ஹனி குராமி, டுவார்ஃப் குராமி ரெண்டும் வட இந்தியா, வங்காளப் பக்கத்துத் தண்ணி மீன்கள். டுவார்ஃப் குராமி நுரையோட செடித் துண்டையும் சேர்த்து வெச்சு கூரை வேயற மாதிரி கட்டும், பார்க்கவே அழகு. குராமிக் குஞ்சு ஃபைட்டர் குஞ்சை விடப் பொடிசு, அதனால அந்த முதல் வாரத் தீனி இன்னும் கவனமா இருக்கணும். ஆனா வளர்ந்த பிறகு ஒவ்வொண்ணுக்கும் தனி ஜாடி தேட வேண்டிய தொல்லை இல்லை. செடி நிறைஞ்ச பெரிய தொட்டி போதும்.

நம்ம ஊருக்கே ஒண்ணு இருக்கு தெரியுமா? வயல் வாய்க்கால்ல, குட்டையில, செடிக்கடியில ஒளிஞ்சிருக்கிற, ஒரு சின்னப் பழுப்பு மீன். 'ஸூடோஸ்ஃப்ரோமெனஸ் குபானஸ்'. (பேரைப் பார்த்து ஓடாதீங்க.) 1831-ல குவியே இதுக்குப் பேர் வெச்சார். அந்த 'குபானஸ்' எங்கிருந்து வந்துதுன்னு தேடினா, புதுச்சேரிப் பக்கத்துல ஓடற அரியாங்குப்பம் ஆறு! குப்பம்தான் பிரெஞ்சுக்காரங்க வாயில 'கூபாங்'னு ஆகி, அப்புறம் லத்தீன் ஆயிடுச்சு. நம்ம குப்பம் பேரை ஒரு மீன் உலகம் பூரா தூக்கிட்டுத் திரியுது, நாம தாய்லாந்து மீனை பாட்டில்ல வெச்சு ஆட்டிக்கிட்டு இருக்கோம். இதுவும் இலைக்கடியில நுரை கட்டும். முட்டை போடற சமயத்துல பெண் மீன் கருகருன்னு மாறிடும். ஃபைட்டர் மாதிரி ஒண்ணை ஒண்ணு கொல்லாது. பளபளப்பு இல்லை, உண்மைதான். ஆனா நுரையும் அணைப்பும் அப்பா காவலும் அதேதான். பிடிச்ச குட்டையில இருந்து நாலஞ்சு போதும், அள்ளிட்டு வந்துடாதீங்க.

கடைசியா

ஜோடி போடறதுக்கு முன்னாடி அஞ்சு விஷயம் எழுதி சுவத்துல ஒட்டுங்க:

1. மூணு மாசம் கழிச்சு எத்தனை மீனுக்கு இடம்? ஆணுக்கு எத்தனை ஜாடி?
2. வாங்கிக்கிறேன்னு நேர்ல சொன்னவங்க பேர்.
3. இன்ஃபுசோரியா ஒரு வாரம் முன்னாடியே ஊறுதா? ஆர்ட்டீமியா வாங்கியாச்சா?
4. அடுத்த ரெண்டு மாசத்துல பரீட்சை, ஊர்ப் பயணம் எதாவது இருக்கா? இருந்தா வேண்டாம்.
5. மிச்ச முட்டையை எடுக்க மனசு வருமா? வராதுன்னா ஜோடியே சேர்க்காதீங்க.

மீனை விட்டுத் தள்ளிப் போகும்னு மேல சொன்னேன் இல்லையா, அது இதுதான். நாம எல்லாரும் ஆரம்பிக்கிறதுல கில்லாடி. போட்டோ எடுக்கிற மாதிரி ஒரு நல்ல நாள் வரும், எல்லாரும் "சூப்பர் மச்சி"ம்பாங்க. அதுக்கப்புறம் தினமும் தண்ணி மாத்தற 80 நாளை யாரும் போட்டோ எடுக்கிறதில்லை. ஒருத்தன் எப்படிப்பட்டவன்னு அந்த 80 நாள்லதான் தெரியும். ஒரு ராத்திரி எழுந்திருக்காததுக்கு நான் கொடுத்த விலை ஒரு நீல மீன். அதோட உயிருக்கு அது பெரிய விலை, எனக்கு வெறும் பாடம். இந்தக் கணக்கு இன்னிக்கும் எனக்கு உறுத்தலாத்தான் இருக்கு.

மாற்றுக் கருத்து இருக்கிறவங்க தாராளமா திட்டலாம். முக்கியமா அந்த ஸ்பூன் விஷயத்துக்கு.

பி.கு: கேன்டீன்ல ஓடி வந்தவன் நேத்து மறுபடி வந்தான். "எண்ணிப் பார்த்தேன் மச்சி, எங்க வீட்டுல நாலு ஜாடிதான் தேறும். இப்போதைக்கு நுரையை மட்டும் பார்த்துக்கறேன்"னான். டீ நான் வாங்கிக் கொடுத்தேன்.